கொற்கைக்குப் பின் தூத்துக்குடி

உலகில் அதிக மக்கள் வசிக்கும் நகரம் இப்போது ஜகார்த்தா. ஏறக்குறைய 4.2 கோடிப் பேர் என்கிறது 2025 ஐ.நா. அறிக்கை. அதுவும் துறைமுக நகரம்தான்.

நம்ம பக்கம் பாருங்கள். கிரேக்க மாலுமிகளும் அறிந்த முத்துத் துறைமுகம் கொற்கை. தாமிரபரணியின் வண்டல் சேரச் சேரக் கடல் விலகிப்போனது. இன்று அது பழைய வன்னிமரம் நிற்கும் சிற்றூர். துறை காயலுக்குப் போய், பிறகு தூத்துக்குடிக்கு வந்தது.

1961-இல் முத்துக்குளிப்பு ஓய்ந்தும் தூத்துக்குடி சுருங்கவில்லை. உப்பளமும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஆட்களை இழுத்தன. 2008-இல் மாநகராட்சியும் ஆனது.

ஆனால் குடிக்க அதே தாமிரபரணிதான், வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. 2023 டிசம்பர் மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து, தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது. வெள்ளம் வடிய வழி வேண்டுமென்றால், இனி மனை பிரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓடைத் தடத்தைத்தான்.