கல்லூரி வாயிலில் இரு மரங்கள்

பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஊரிலிருந்து வரும் கடிதம் பெரும்பாலும் ஒரு திருமணத்தையோ ஒரு மறைவையோ அறிவிப்பதாக இருக்கும். சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்த கடிதம் இரண்டிலும் சேராதது. சித்தூரில் நான் பயின்ற கல்லூரியின் பழைய மாணவர்கள் அதை எழுதியிருந்தார்கள். கல்லூரி வாயிலில் நின்று மறைந்த இரு மரங்களின் இடத்தில் இனி எந்த மரத்தை வைக்கலாம் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. ஒரே வரியில் விடை எழுதிவிடலாம் என்று அமர்ந்தேன். பத்து நாள்கள் எழுத இயலாமல் இருந்தேன்.

அவ்விரண்டும் தூங்குமூஞ்சி மரங்கள். மாலை ஐந்து மணியளவில் அவற்றின் இலைகள் மடங்கத் தொடங்கும்; பகலெல்லாம் மறைந்திருந்த வானம் கிளைகளினூடே தெரியும். தெலுங்கு மாணவர்கள் அவற்றை நித்ரகன்னேரு என்பார்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் எங்களில் பலர். ஆதலால் அந்த மரங்களுக்கு 'அக்கா தங்கை' என்றும் 'அக்கா செல்லெள்ளு' என்றும் இரு மொழிகளிலும் பெயர் வழங்கிற்று. குடியாத்தத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் பேருந்தில் வந்து இறங்கியவர்கள் முதலில் நின்றது அவற்றின் நிழலில்தான். தேர்வு முடிவுகளை ஒட்டிய பலகை அங்கேதான் இருந்தது. தோல்வியுற்றவனைத் தோழர்கள் தேற்றியதும் அங்கேதான். நானும் ஒருமுறை அவ்வாறு தேற்றப்பட்டேன்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியையும் சித்தூரையும் வெள்ளக்காடாக்கிய பெருமழையின்போது ஓர் இரவில் அக்கா சாய்ந்துவிட்டாள். நல்வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த வாரமே, பாதுகாப்பைக் காரணம் காட்டித் தங்கையையும் வெட்டிவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. வண்டிகளை நிறுத்துவதற்காக அடிமரம் வரை சிமெண்டுத் தளம் போட்டிருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. பிறகு அந்த இடத்தில் இரண்டு அலங்காரப் பனைகளை நட்டார்கள். ஒன்று இரண்டு கோடைக்குள் காய்ந்தது. மற்றொன்று பிழைத்திருக்கிறது, ஆயினும் அதன்கீழ் எவரும் நிற்பதில்லை.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். 'வெட்டப்படும் மரத்துக்கு ஈடாக நடவு' என்னும் தொடரை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். தில்லியில் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்னும் கணக்கும் வழங்குகிறது. கணக்கு நல்லதுதான். ஆனால் 'ஈடு' என்னும் சொல்லின்மேல் என் எழுதுகோல் அதுவரை தயங்கியதில்லை. நிழலுக்கு நிழல் ஈடாகும். நினைவுக்கு எது ஈடு?

இக்கேள்வியை நம் முன்னோர் வேறு வகையில் எதிர்கொண்டிருக்கின்றனர். நம் கோயில்களில் தலமரம் உண்டு. மரம் பட்டுப்போனால் அதே இனத்துக் கன்றை நட்டு வழிபாட்டைத் தொடர்வதே பல கோயில்களின் மரபு. மரம் மாறினாலும் தலமரம் மாறுவதில்லை. புத்தகயையிலுள்ள போதிமரமும் இத்தகையதே. பழைய மரம் 1876ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்தது. அதன் கன்றை 1881இல் கன்னிங்காம் என்னும் தொல்லியல் அறிஞர் நட்டார். இன்று உலகெங்குமிருந்து வருவோர் வணங்குவது அந்த மரத்தைத்தான். சாந்திநிகேதனில் தேவேந்திரநாத தாகூர் தியானம் செய்த ஏழிலைப்பாலையும் பட்டுப்போயிற்று. அந்த இடத்தில் அதே இனத்து மரங்களை வைத்தனர். விசுவபாரதியில் பட்டம் பெறுவோருக்கு அம்மரத்தின் இலைக்கொத்து வழங்குவது வழக்கமாயிற்று.

கல்லூரி மரங்களைப் பற்றிப் பேசும்போது தாம்பரத்தை மறக்கலாகாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த புதர்க்காட்டைப் பேணியும் புதிய மரங்களை வைத்தும் வளாகத்தைச் சோலையாக்கியவர்களுள் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர் துணைவியார் ஆலிசும் முதன்மையானவர்கள். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வந்த வர்தா புயல் சென்னை முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, இவ்வளாகமும் தப்பவில்லை. அந்நாளில் பலரும் கண்டது இது: வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த, அகன்று பரந்து வேர் ஆழம் செல்லாத மரங்கள் மிகுதியாக வீழ்ந்தன, மண்ணுக்குரிய மரங்கள் பல நின்றன. எங்கள் அக்காவும் தங்கையும் முன்வகையைச் சேர்ந்தவர்கள். தூங்குமூஞ்சி மரத்தின் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். எங்கிருந்தோ வந்து எங்கள் ஊரில் வேரூன்றி, எங்களுக்கு உறவுமுறை ஆகிவிட்ட மரங்கள் அவை. அயலூரில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக் கழகம் இருக்கிறது. அதன் வாயில் மூலையில் இரண்டு ஓக் மரங்கள் நின்றன. விளையாட்டில் வெற்றி பெறும்போதெல்லாம் மக்கள் திரண்டு அவற்றின்மேல் காகிதச் சுருள்களை வீசி மகிழ்வார்கள். 2010இல் எதிரணியை ஆதரித்த ஒருவன் அம்மரங்களின் வேரில் நஞ்சை ஊற்றினான். காப்பாற்ற முயன்றும் பயனின்றி 2013இல் அவற்றை வெட்டினார்கள். நஞ்சேறிய மண்ணைத் தோண்டி அகற்றிவிட்டு, 2015இல் வளர்ந்த மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அவற்றுள் ஒன்று அவ்வாண்டே பிழைக்காமற் போக, வேறொன்றை வைத்தார்கள். 2016இல் ஒன்றின்மேல் தீ வைக்கப்பட்டது. 2017இல் மீண்டும் இரு மரங்களை நட்டார்கள். பழைய மரங்களின் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகளையும் அருகே ஒரு நடைபாதை ஓரமாக வைத்தார்கள். பொருள் வளமும் அறிவியல் துணையும் உள்ள நாட்டிலேயே ஒரு மரத்தின் இடத்தை நிரப்ப இத்தனை முயற்சி வேண்டியிருந்தது. இரண்டு பனைகளை நட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்த பின்னும் என் மனம் 'அதே இடத்தில் அதே மரம்' என்றே பிடிவாதம் செய்தது. சென்ற விடுமுறையில் திருப்பதிக்குச் சென்றிருந்தேன். 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகத்தின் பின்னே சேஷாசல மலைத்தொடர் நிமிர்ந்து நிற்கிறது. தமிழகத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் வேங்கடம் இதுவே. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காடுகளில்தான் செஞ்சந்தனம் இயற்கையாக வளர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இத்தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் அதற்குத் தாயகம் இல்லை. கள்ளக்கடத்தலால் அழிந்துவரும் அந்த மரத்தையே கல்லூரியில் வைக்கலாமே என்று தோன்றிற்று. உடன் வந்த வனத்துறை நண்பர் சிரித்தார். செஞ்சந்தனம் மெல்ல வளரும். கோடையில் இலை உதிர்க்கும். மாணவர் நிழலுக்கு ஆகாது. வளர்ந்தபின் காவலும் வேண்டும் என்றார். "எந்த மரம் என்பது இரண்டாவது கேள்வி. அந்த மண் மூச்சு விடுகிறதா என்று முதலில் பாருங்கள்" என்றும் சொன்னார்.

அங்கிருந்து சித்தூர் சென்று கல்லூரியைப் பார்த்தேன். சிமெண்டுத் தளம் அப்படியே இருந்தது. மரங்களின் அடியில் சுற்றிலும் ஒரு மீட்டர் தொலைவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு ஆணையிட்டது என் நினைவுக்கு வந்தது. விடுதியின் பின்புறம், ஓய்வு பெற்ற தோட்டக்காரர் ஒருவர் எனக்கு ஓர் இளமரத்தைக் காட்டினார். தூங்குமூஞ்சி! அதன் இனிப்பான காய்களை மாடுகள் விரும்பித் தின்னும். சாணத்தோடு விழும் விதை முளைக்கும். "பக்கத்தில் வேறு தூங்குமூஞ்சி கிடையாது. இது அவங்க பிள்ளைதான்" என்றார் முதியவர். நட்டவர் எவருமில்லை, அவர் ஒருவர் மட்டும் கோடைதோறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் கடிதத்துக்கு விடை எழுதினேன். முதலில் தளத்தைப் பெயர்த்து, பழைய வேர்களை அகற்றி, மண்ணைத் தளர்த்தி எருவிடுங்கள். மக்கள் கூடும் வாயிலில் கிளை முறியும் மரம் வேண்டா. அங்கே இரண்டு புங்க மரங்களை வையுங்கள். தெலுங்கில் கானுக என்று எல்லோரும் அறிந்த மரம் அது. கோடைக்கு முன்பே தளிர்த்து நிழல் தரும். நம் மண்ணுக்கு உரியது. விடுதிப் பின்புறத்து இளமரத்துக்கு வேலியிட்டு அதன் போக்கில் வளர விடுங்கள். அங்கே அதற்கு இடம் உண்டு. எந்தக் கன்றை நட்டாலும் குறைந்தது மூன்று கோடைகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை நடும் முன்பே எழுதி வையுங்கள். முதற் கோடைக்கான செலவை நான் ஏற்கிறேன். இவ்வாறு எழுதி முடித்தேன்.

இத்தீர்ப்பு சிலருக்குப் பிடிக்கவில்லை. பழைய மரத்துக்கு நான் துரோகம் செய்துவிட்டதாக உடன் பயின்ற ஒருவர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். அவர் வருத்தத்தை நான் அறிவேன். ஒரு சொல்லை மொழிபெயர்க்கும்போது அதே சொல் மறுமொழியில் கிடைப்பதில்லை. அதன் பணியைச் செய்யும் சொல்லையே தேடுகிறோம். அதனால் மூலத்தை மறந்தோம் என்று ஆகாது.

நேயர்களே, நீங்கள் பயின்ற பள்ளியிலும் கல்லூரியிலும் உங்களுக்கு நிழல் தந்த ஒரு மரம் இருந்திருக்கும். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அதன் அடியைச் சிமெண்டு நெரிக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நில்லாவிட்டால், அங்கே இப்போது இருப்பதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று விசாரியுங்கள்.