பிரியாணிக்குப் பிறகு

(நண்பர்களின் சாதி மறுப்புத் திருமண வரவேற்பில் ஆற்றிய வாழ்த்துரையின் எழுத்து வடிவம்)

பிரியாணி தயார். பறையோடு தோழர்களும் காத்திருக்கிறார்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

காலையில் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காக நம் முன்னோர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் போராடினார்கள். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் அவர்கள் புரோகிதரைத் தேடிப் போகவில்லை. அண்ணா முதல்வரான 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றானது.

யார் முன்னிலையில் மணம் நடக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது? உறவினர், நண்பர் அல்லது பிறர். சொந்தம் வராவிட்டாலும் நண்பர்கள் போதும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை, வழக்கறிஞர்களும் நண்பர்களாக நின்று நடத்திவைக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்குப் பயந்து வீட்டைவிட்டு வரும் இணையருக்கு அது பெரிய துணை.

இன்று பெண் பக்கத்துச் சொந்தம் யாரும் வரவில்லை. அந்த நாற்காலிகளில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்தவர்களுக்குப் பொறுப்பும் உண்டு.

மண வீட்டில் சாவைப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசித்தான் ஆக வேண்டும். உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது 2016 மார்ச்சில். திருமணமாகி எட்டு மாதம் கழித்து. மாலை வாடியதும் சாதியின் கோபம் தணிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அது காத்திருக்கும்.

கொலை மட்டுமல்ல. வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க எந்த ஆளுங்க?" என்பார்கள். தலைப்பொங்கலுக்குச் சீர் வராது. பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இருக்காது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நீ மட்டும் வந்து பார்த்துட்டுப் போ" என்று போன் வரும். அந்த "நீ மட்டும்" காதில் விழுந்தால், நம்மில் நான்கு பேர் கூடப் போக வேண்டும்.

ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் வீட்டுக்காரரிடம் பேச, மருத்துவமனையில் இரவு தங்க, எந்தச் சட்டமும் ஆள் அனுப்பாது. அதற்கு நாம்தான் போக வேண்டும்.

தை பிறந்ததும் இவர்கள் வீட்டுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துப் போவோம். சீர் எதற்கு, அது பழைய சடங்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். இந்தப் பெண்ணுக்கு ஆள் இருக்கிறது என்று அந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டும், தோழர்களே. அதற்காகத்தான்.

மொய் எழுதுபவர்கள் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். நள்ளிரவில் அழைத்தாலும் எடுங்கள்.

இணையர் வாழ்க! சாதி ஒழிக!