ஆசானாக அழையுங்கள்

(தருமபுரியில் ஆசிரியர்களும் பறையிசைக் கலைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காது கேளாத பிள்ளைக்கு இசை எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. அது பறை. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். தோளில் மாட்டி அடித்தால் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் இறங்கும். காது கேட்காவிட்டாலும் உடம்பு கேட்கும்.

ஸ்காட்லாந்தின் ஈவ்லின் கிளென்னி 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். அவருடைய ஆசிரியர் பெரிய முரசை அடித்து, சுவரில் கை வைத்து அதிர்வை உணரப் பழக்கினார். இன்று அவர் உலகறிந்த தாளக் கலைஞர். அதிர்வைப் பாதத்தில் வாங்க மேடையில் வெறுங்காலோடு நிற்பார்.

இதை நம் பள்ளிகளிலும் செய்யலாம். பிள்ளை முதலில் தோலில் உள்ளங்கையை வைத்து உணரட்டும். மரப்பலகையில் பறையை வைத்து அடித்தால், பலகையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தாளம் போய்ச் சேரும். கற்க நேரமெடுக்கும் பிள்ளைக்கு ஒரே ஒரு குச்சி, ஒரே ஒரு சின்ன அடி. பழகிய பிறகு அடுத்தது. விரல் பிடிமானம் இல்லாவிட்டால் குச்சியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், பறையைத் தாங்கியில் நிறுத்துங்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குச் சத்தம் வலிக்கும். அவர்கள் தூரத்தில் இருந்து தொடங்கட்டும். எழுந்து போகும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

சிக்கல் பாடமுறையில் இல்லை தோழர்களே, பறை என்றதும் சுளிக்கும் முகத்தில் இருக்கிறது. ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டாம்பட்டி குடியிருப்புகளைக் கொளுத்திய மாவட்டம் இது. சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டவரை வகுப்பறையில் 'ஐயா' என்று கூப்பிட எத்தனை பேர் தயார்?

ஊனத்தோடு பிறந்தால் முன்வினை என்றார்கள். சேரியில் பிறந்தாலும் முன்வினை என்றார்கள். ஒரே பொய்தான் இரண்டு பேரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அதனால்தான் இரண்டு பேரும் ஒரே வகுப்பறைக்குள் நுழைய வேண்டும் என்கிறேன்.

'இந்தக் குச்சி என் பிள்ளை கைக்கு வரக்கூடாது என்றுதான் படிக்க வைத்தேன்' என்று நம் சேரித் தாய் ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த வரலாற்றின் காயம் அது. எனவே யாரையும் சாதி பார்த்துப் பறைக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும், சேர்ந்து உட்கார்ந்து கற்க வேண்டும். விருப்பமில்லாத பிள்ளைக்கு வேறு கருவி கொடுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பாகுபாடில்லாமல் பள்ளியில் சேர்க்கவும், விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தரவும் சொல்கிறது. நாம் யாரிடமும் கருணை கேட்கவில்லை.

மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் விருது ஒருவருக்குத்தான். ஊருக்கு ஊர் தேவைப்படுவது மாதச் சம்பளம்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களோடு பறையிசைக் கலைஞர்களும் பயிற்றுநர்களாகப் பணியமர்த்தப்பட வேண்டும். இரண்டு, அதிகாரிகளை வரவேற்க வாசலில் நின்று அடிக்கும் வேலை அவர்களுக்குக் கிடையாது. மூன்று, டிசம்பர் 3 மேடையில் பிள்ளைகளைக் காட்டிக் கைத்தட்டல் வாங்குவதோடு முடியாமல், வாரந்தோறும் வகுப்பு நடக்க வேண்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தாகக் கொடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களிடம் காரணம் கேளுங்கள். பதில் வரும்போது, தடையாக இருப்பது பணமா சாதியா என்பது தெரிந்துவிடும்.

ஜெய் பீம்.