நிழற்படமும் இளவட்டக்கல்லும்



இளவட்டக்கல்லை நாஞ்சில் நாட்டார்க்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உருண்டு திரண்ட கல் அது. பிடித்துத் தூக்க விளிம்பு ஏதும் கிடையாது. இளைஞன் குனிந்து அதனை அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு உயர்த்தி, தோளில் தாங்கிப் பின்புறமாக எறிய வேண்டும். தென் மாவட்டங்களின் சில ஊர்களில் பொங்கல் நாள்களில் இன்றும் இப்போட்டியைக் காணலாம். அக்கல்லுக்கு முகதாட்சணியம் இல்லை. நேற்று முழங்காலோடு நின்றது இன்று மார்புக்கு வந்தால், அதுவே வளர்ச்சி.

அண்மையில் என் அண்டை வீட்டு மாணவர் ஒருவர் மனம் சோர்ந்து வந்தார். "அண்ணாச்சி, ஆறு வாரமாக உடற்பயிற்சி செய்கிறேன். நாள்தோறும் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்க்கிறேன்; ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாமென்று நினைக்கிறேன்" என்றார். "முதல் நாள் எத்தனை தண்டால் எடுத்தீர்?" என்று கேட்டேன். "எட்டு." "இன்று?" "இருபது." பலம் வந்துவிட்டது, படத்துக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை!

இதற்குக் காரணம் உண்டு. தொடக்க வாரங்களில் பெருகும் வலிமை, பெரும்பாலும் நரம்புகள் தசைநார்களை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருத்துக் கண்ணுக்குப் புலனாகப் பின்னும் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அன்றியும், படம் எளிதில் ஏமாற்றும். பக்கவாட்டில் விழும் வெளிச்சம் தசையை எடுத்துக்காட்டும். நேர் வெளிச்சம் மறைத்துவிடும். பயிற்சி முடிந்தவுடன் குருதி பாய்ந்து தசை புடைத்திருக்கும். சற்று நேரத்தில் அது தணிந்துவிடும்.

1904-05-இல் இந்தியாவுக்கும் வந்து சென்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் புகழைப் பரப்பியவற்றுள் நிழற்படங்களும் முக்கியமானவை. அவரோ 1897-இல் வெளியிட்ட தமது நூலில், எந்த வயதினர் எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்ய வேண்டும் என அட்டவணைகளை வகுத்துத் தந்தார். படத்தால் புகழ்பெற்றவரே பயிற்சிக்கு எண்ணை நம்பினார் என்பது கருதத்தக்கது.

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது சாட்சியாக இருக்கட்டும், நீதிபதியாக வேண்டாம். மாதம் ஒரு முறை போதும். அதே இடம், அதே சன்னல் வெளிச்சம், அதே வேளை, அதே நிலை. பயிற்சிக்கு முன்னர் எடுங்கள். அன்றாடக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: தேதி, தூக்கிய எடை, செய்த எண்ணிக்கை. உங்கள் படத்தை உங்கள் பழைய படத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பிறர் படத்தோடு ஒப்பிட்டு மனம் உடைந்து நல்ல பயிற்சியைக் கைவிடாதீர்கள்.

அந்த மாணவர் இப்போது குறிப்பேடு வைத்திருக்கிறார். பயிற்சியை அவர் விடவில்லை.