ஊதியம் போதுமா?



"போலீசுக்கும் தீயணைப்புக்காரருக்கும் சம்பளம் ரொம்ப அதிகம்" என்று எம். புதுப்பட்டி டீக்கடைகளில் நாம் பேசுவதுண்டு. வேலையில்லாத நாளில் கூலியும் இல்லாத பட்டாசுத் தொழிலாளர் நாம். நமக்கு மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிவது இயல்பே.

2012 செப்டம்பர் 5-ஐ நினைத்துப் பார்ப்போம். முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது உதவ ஓடியவர்களும் மாண்டார்கள். அப்படிப்பட்ட நெருப்பை நோக்கிப் போவது நமக்கு இரக்கம்; அவர்களுக்குக் கடமை. காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரும்படி 2021-இல் தமிழக அரசு ஆணையிட வேண்டியிருந்தது.

லூக்கா நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் படைவீரர்கள் திருமுழுக்கு யோவானிடம் வழி கேட்கிறார்கள். மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், ஊதியத்தோடு நிறைவடையுங்கள் என்கிறார் அவர். கையூட்டுக்கு அங்கே இடமில்லை. ஆனால் நிறைவடைய, ஊதியம் போதுமானதாக இருக்க வேண்டாமா? நியாயமான கூலியும் ஓய்வும் உழைப்பவரின் உரிமை என்று 1891-லேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் எடுத்துரைத்தார்.

அவர்கள் சம்பளம் குறைந்தால் நம் கூலி உயர்ந்துவிடாது. ஆகவே பொறாமையை விட்டு, இரு தரப்புக்கும் நீதி கேட்போம். இரவில் சாலையோரம் நிற்கும் காவலரைக் கண்டால், அவருக்காக ஓர் அருள்நிறை மரியே செபிப்போம். ஆமென்.