நடுவர் நிற்கும் இடம்

சாஃப்ட்பால் என்னும் பந்தாட்டத்தை உங்களுள் சிலர் ஆடியிருப்பீர்கள். 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், கூடத்துக்குள் ஆடும் ஆட்டமாகப் பிறந்து, பின்னர் திறந்த மைதானத்துக்கு வந்தது இது. நம் நாட்டுப் பள்ளிகளிலும் ஆடப்படுகிறது. பந்தை அடித்தவர், 60 அடி இடைவெளியில் அமைந்த தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு ஓடிவர வேண்டும். அவ்வாறு ஓடுகிறவர் தப்பினாரா, ஆட்டமிழந்தாரா என்று கூறும் நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நல்ல கண் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் நான் தள நடுவராக இருந்தேன். ஆட்டத்தின் இறுதிக் கட்டம். ஒரு சிறுவன் இரண்டாம் தளத்தை நோக்கிச் சறுக்கி வந்தான். வெளிக்களத்திலிருந்து வந்த பந்தைப் பிடித்த தளக் காவலன் கையுறையைத் தாழ்த்தினான். புழுதி எழுந்தது. நானோ காவலனின் முதுகுப்புறம் நின்றிருந்தேன். கையுறை தாழ்ந்ததைக் கண்டேன். அது ஓடிவந்தவன்மேல் பட்டதைக் காணவில்லை. ஆயினும் கையை உயர்த்தி, ‘அவுட்’ என்றேன். ஆட்டம் அத்துடன் முடிந்தது. அச்சிறுவனின் அணி ஓர் ஓட்டத்தில் தோற்றது.

சிறிது நேரம் கழித்து, வென்ற அணியைச் சேர்ந்த அந்தக் காவலனே என்னிடம் வந்தான். “ஐயா, கையுறை அவன்மேல் படவேயில்லை” என்றான்.

அன்றுதான் நடுவர் கலையை முறையாகப் பயிலத் தொடங்கினேன். அடித்தவர் முதல் தளத்துக்கு ஓடும்போது, பந்தை வைத்திருக்கும் காவலர் அவருக்கு முன் தளத்தை மிதித்தாலே போதும். அப்போது நடுவர், பந்து எறியப்படும் திசைக்குச் செங்கோணத்தில், ஏறத்தாழ 15 முதல் 18 அடி தொலைவில் நிற்பார். கண் தளத்தின்மேல் இருக்கும். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காது அறியும். ஓடுகிறவரைப் பந்தால் தொட வேண்டிய இடத்திலோ, 10 அல்லது 12 அடி வரை நெருங்கி, அவர் ஓடும் பாதைக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் கையுறைக்கும் உடலுக்கும் இடையே உள்ள வெளி தெரியும். நெருங்க நேரமில்லையேல் தொலைவை விட்டுக்கொடுக்கலாம். கோணத்தை விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஓடியவாறே பார்ப்பதும் தவறு. நின்று பார்த்து, பந்து கையுறையில் நிலைத்ததை உறுதி செய்த பின்னரே வாய் திறக்க வேண்டும்.

முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற எனக்கு வழியில்லை. தோற்ற அணியினர் முன் சென்று என் பிழையைச் சொன்னேன். “பரவாயில்லை, ஐயா” என்றான் அந்தச் சிறுவன். அவன் கண்கள் கலங்கியிருந்தன. பக்கவாட்டில் நான் நாலைந்து எட்டு ஓடியிருந்தால் அந்தக் கண்ணீருக்கு இடமிருந்திராது.

மாணவர்களே, நாளை நீங்களும் பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் நிலைக்கு வருவீர்கள். காணாததைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். உண்மை தெரியும் இடத்துக்கு முதலில் ஓடிச் சென்று நில்லுங்கள்.