நாயை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்



நூற்றாண்டு விழாவில் நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளே என்று நினைப்பீர்கள். வகுப்பறைக்குள் ஒரு நாய் புகுந்தால் வாங்கின் மேல் ஏறி நின்று கத்தியவர்களில் நானும் ஒருத்தி. விசர்நாய்க்கடிக்கு ஊசி போட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் பொய்யல்ல.

அதே பயத்தோடுதான் இங்கிலாந்துக்கு வைத்தியராகப் போனேன். முதல் வருடம், கிளினிக்கில், பார்வையற்ற ஒரு பெண்மணி வழிகாட்டி நாயோடு என் அறை வாசலுக்கு வந்தார். "நாயை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சரி, கதிரைக்கு என்னை யார் கூட்டிப்போவது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாய் அவரைக் கதிரைவரை கொண்டுவந்து விட்டு, மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டது. 20 நிமிடமும் அது அசையவில்லை. நான்தான் கால்களை மடக்கிக்கொண்டு இருந்தேன்.

நான் சொன்னது சட்டப்படியும் பிழை என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கடை, உணவகம், வைத்தியசாலை எல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தம் வழக்கத்தை நியாயமான அளவு மாற்றிக்கொள்ள வேண்டும். "நாய்களுக்கு அனுமதியில்லை" என்ற பலகை உதவி நாய்க்குப் பொதுவாகப் பொருந்தாது. சத்திரசிகிச்சைக் கூடம் போன்ற இடங்கள் வேறு. ரக்ஸிக்காரர் நாயையும் ஏற்றவேண்டும், மேலதிகக் கட்டணம் கேட்கக்கூடாது. ஆஸ்துமா போன்ற காரணமிருந்தால் முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். "சீற் அழுக்காகும்" என்பது காரணமாகாது.

பார்வையற்றோருக்கு மட்டுமல்ல, காது கேளாதவருக்கு அழைப்புமணியை உணர்த்தும் நாய்களும், இரத்தத்தில் சீனி குறைவதை மணத்தால் அறிந்து எச்சரிக்கும் நாய்களும் இருக்கின்றன. இவர்களைப் பார்த்தால் நோயாளி போலத் தெரியாது. அதனால் வாசலுக்கு வாசல் அத்தாட்சி கேட்கிறார்கள். அட்டை வைத்திருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? லண்டனிலும் ரொறன்ரோவிலும் எத்தனை கடைகள், ரக்ஸிகள், மண்டபங்கள் எங்கள் குடும்பங்களுடையவை! ஒன்ராறியோவிலும் இதற்குச் சட்டம் உண்டு. என் நோயாளர் ஒருவர், கடைவாசலில் தன்னைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னார். கடைக்காரர் எந்த நாட்டவர் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாயிருந்தது.

இலங்கையில் வழிகாட்டி நாய்களைக் காண்பதே அரிது. ஆனால் பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளி போவதற்குத் தடை போடக்கூடாது என்று எங்கள் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயம் உயிருள்ள துணைகளைப் பற்றியும் பேசுகிறது. நீரிழிவால் பார்வை குறைந்துவரும் அக்காமார் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து நாயோடு வந்தால் இந்த மண்டப வாசலில் என்ன சொல்லப்போகிறோம்?

வந்தால் முதலில் அக்காவோடு பேசுங்கள். சேணம் பூட்டிய நாயைத் தடவவோ, கூப்பிடவோ, பலகாரம் கொடுக்கவோ வேண்டாம். அது வேலையில் இருக்கிறது. பயந்தவர்கள் என்னைப்போலத் தள்ளி இருக்கலாம்.

அடுத்த ஒன்றுகூடல் அழைப்பிதழில் "உதவி நாயுடன் வரலாம்" என்று ஒரு வரி சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கதிரைக்குக் கீழே கொஞ்சம் இடமும் ஒரு கோப்பை தண்ணீரும் போதும்.